துப்பாக்கி போய்க் காமிரா வந்தது

நம் சங்கத்தின் பொங்கல் விழாவையொட்டி நடக்கும் புகைப்படப் போட்டிக்கு இவ்வாண்டு வந்த படங்களுள் பாதிக்கு மேற்பட்டவை பறவைப் படங்கள். அவற்றுள்ளும் பெரும்பாலானவை பரத்பூரில் எடுக்கப்பட்டவை. இது எனக்கு மகிழ்ச்சி அளித்தது. தலைநகரில் படிக்க வந்த தமிழ் மாணவர்கள் விடுமுறை நாளைத் திரையரங்கிலும் கடைத்தெருவிலும் கழிக்காமல், விடியற்காலை இரயிலேறிப் போய், குளிரில் நடுங்கிக்கொண்டு நீர்ப்பறவைகளைப் பார்த்து வருகிறார்கள் என்றால் அது நல்ல செய்திதான்.

ஆனால் அப்படங்களை வரிசையாகப் பார்த்து வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் வாத்துகள் பறந்துகொண்டிருந்தன. தனித்தனியாக அல்ல, கூட்டங் கூட்டமாக, வானமே தெரியாதபடி. காலை வேளையில் புல் மேயவேண்டிய வாத்துகள் இப்படி ஒரே சமயத்தில் ஏன் எழுந்தன? படம் எடுத்த நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவர் ஒளிவு மறைவில்லாமல், “கையைத் தட்டினோம், எழுந்தன” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றிதான். அந்தக் கைதட்டலைப் பற்றி நாம் கொஞ்சம் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பரத்பூர்ப் பறவைகளுக்கு மனிதன் செய்த கெடுதலின் வரலாறு கல்லிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே போன நண்பர்கள் கேவலாதேவ் கோயிலருகே நிற்கும் அந்தக் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பார்கள். பலர் அவற்றின் முன் நின்று படமும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் எத்தனை பேர் படித்தோம்? எந்த நாளில், எந்தப் பிரபுவின் வருகைக்காக, எத்தனை துப்பாக்கிகள் வெடித்தன, எத்தனை பறவைகள் விழுந்தன என்று அதில் கணக்கு இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் வீழ்ந்த பறவைகள் 4,273. நாம் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணைச் சட்டம் போட்டு மாட்டுவது போல, அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் கொன்ற பறவைகளின் எண்ணிக்கையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த இடம் இயற்கை தானாக உண்டாக்கிய ஏரியன்று. பள்ளமான நிலம் அது. 18-ஆம் நூற்றாண்டில் சூரஜ்மல் மகாராஜா கட்டிய அஜான் அணையிலிருந்து பிற்காலத்தில் நீரைத் திருப்பிவிட்டு, மதகும் வரப்பும் வைத்து, வாத்து வேட்டைக்கென்றே அதைச் சதுப்பு நிலமாக வளர்த்தார்கள். சுடுவதற்காக உண்டாக்கிய குளத்தில்தான் இன்று நாம் கண்குளிரப் பறவைகளைக் காண்கிறோம். சுதந்தரம் வந்த உடனே சுடுவது நின்றுவிடவுமில்லை. கடைசிப் பெரிய வேட்டை 1964-இல் நடந்தது. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1981-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பறவை அறிஞர் சாலிம் அலி போன்றவர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலன் அது.

ஆக, துப்பாக்கி போயிற்று, காமிரா வந்தது. இதைவிட நல்ல மாற்றம் வேறென்ன இருக்க முடியும் என்று யாரும் கேட்கலாம். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கி பறவையை எடுத்துக்கொண்டு போயிற்று. காமிரா அதன் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பறவையை விட்டுவிடுகிறது. ஆயினும் கருவி மாறினாலும் அதைப் பிடித்த மனிதனின் ஆசை மாறிவிட்டதா என்பதே என் கேள்வி. “இன்று எத்தனை கிடைத்தது?” என்று வேட்டைக்காரன் கேட்டான். மாலை இரயிலில் திரும்பும்போது நாமும் அதே கேள்வியைத்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். அவனுக்கு வாத்துகள் எழும்ப வேண்டியிருந்தது, சுடுவதற்கு வாகாக. நமக்கும் அவை எழும்ப வேண்டியிருக்கிறது, படத்துக்கு வாகாக. பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால், எழுந்து ஓடவேண்டிய அவசியம் இரண்டிலும் ஒன்றே.

“ஒரு கைதட்டலால் என்ன குடிமுழுகிவிடும்? சுற்றிப் பறந்துவிட்டு அதே இடத்தில் வந்து இறங்கிவிடுகிறதே!” என்று சில நண்பர்கள் சொல்வார்கள். நான் உயிர் வேதியியல் படிப்பவன். அந்த முறையிலேயே இதற்கு விடை சொல்லிப் பார்க்கிறேன்.

நம் படங்களில் அதிகமாக இடம்பெற்றிருப்பது பட்டைத்தலை வாத்து. வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். மஞ்சள் நிற அலகு. கோடையில் மங்கோலியா, திபெத்து, லடாக் முதலிய உயர்ந்த நிலங்களின் ஏரிக்கரையில் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் இமயத்தைத் தாண்டி இங்கே வருகிறது. அதன் உடலில் சிறிய கருவியைக் கட்டி ஆராய்ந்தவர்கள், அது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததை அளந்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் நாம் மூச்சுவிடும் பிராணவாயு கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிகூட இல்லை. அதன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில், ஆல்பா சங்கிலியின் 119-ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் இருக்கிறது. இச்சிறு மாற்றத்தால், சமவெளியில் வாழும் இனத்து வாத்துகளைவிட அதன் இரத்தம் பிராணவாயுவை இறுகப் பற்றிக்கொள்கிறது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் படித்தபோது எனக்கு அது வெறும் எண். அந்த எண்ணைச் சுமந்துகொண்டு பறவையே வந்து இறங்குவதைப் பார்த்தபோதுதான் அதன் பொருள் புரிந்தது.

இத்தகைய பறவைக்கு ஒரு சிறிய சுற்றுப் பறப்பு ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பொருட்டுதான். வாத்து உண்பது புல். புல்லில் சத்துக் குறைவு. அதன் நாரை மாடு செரிப்பது போல வாத்தால் செரிக்கவும் முடியாது. ஆகையால் அது பகலின் பெரும் பகுதி மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் மேய்ந்து கொழுப்பைச் சேர்த்தால்தான் வசந்தத்தில் மறுபடி மலையைக் கடக்க முடியும். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள உடலைத் தரையிலிருந்து தூக்கும் அந்த முதல் சில விநாடிகளுக்கு வாத்து மிகுந்த சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது. பிறகு வானில் வட்டமிடும் நேரம், இறங்கிய பின் கழுத்தை நீட்டி நாற்புறமும் பார்த்துக்கொண்டு மேயாமல் நிற்கும் நேரம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கைதட்டல் சிறிதுதான். ஆனால் நமக்குப் பின்னால் வரும் கூட்டமும் தட்டுகிறது. அதற்குப் பின்னால் வருவதும் தட்டுகிறது. நாம் தட்டியது ஒரு தடவை. வாத்து எழுந்தது ஒரு நாளில் எத்தனையோ தடவை.

வாத்தைவிடக் கொக்கின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இங்கே கொக்கு என்று நான் சொல்வது நம் ஊர் வயல்களில் ஏர் பின்னால் நடக்கும் சிறு வெண் கொக்கையன்று. ஆளுயரம் நிற்கும் சாரஸ் கொக்கை. சாம்பல் உடல், சிவந்த தலை. பறக்கும் பறவைகளுள் இதைவிட உயரமானது உலகில் இல்லை. அது வெளிநாட்டு விருந்தாளியும் அல்ல. ஆண்டு முழுதும் இந்தச் சமவெளியிலேயே ஆணும் பெண்ணுமாக வாழ்வது. மழைக்காலத்தில் தேங்கிய நீரின் நடுவே கோரையையும் புல்லையும் குவித்து மேடாக்கி, பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். அந்த மேட்டை நெருங்கி ஒரு படம் எடுக்க நாம் நீரில் இறங்கினால், தாய் எழுந்து விலகும். காக்கைக்கு அந்தச் சில நிமிடங்கள் போதும். நமக்குக் கிடைப்பது ஒரு படம்; அதற்குப் போவது ஓராண்டின் சந்ததி.

“படம்தான் ஐயா பறவையைக் காப்பாற்றுகிறது. படத்தைப் பார்த்துத்தான் மக்களுக்கு அன்பு பிறக்கிறது” என்று வாதிடுவோர் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. பரத்பூரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

சைபீரியக் கொக்கு என்று ஒரு பறவை. பால் போன்ற உடல், சிவந்த முகம், சிறகை விரித்தால் மட்டுமே தெரியும் கறுப்பு முனை. மேற்குச் சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, ஆப்கானிஸ்தானத்தின் ஏரிகளில் தங்கி இளைப்பாறி, பரத்பூருக்கு வந்துகொண்டிருந்தது. 1960-களின் நடுவில் அங்கே அவை சுமார் இருநூறு இருந்தன. ஆண்டுக்காண்டு எண்ணிக்கை தேய்ந்தது. 2001-02 குளிர்காலத்தில் வந்தது ஒரே ஒரு ஜோடி. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அந்த இனம் உலகிலிருந்து அழிந்துவிடவில்லை. கிழக்குச் சைபீரியாவில் பிறப்பவை சீனத்துப் போயாங் ஏரிக்குப் போய்வருகின்றன. இந்தியாவுக்கு வந்த வழிதான் அழிந்தது. அந்தப் பறவையின் அழகிய படங்களுக்குப் பஞ்சமே இல்லை. உலகெங்குமிருந்து காமிராக்கள் வந்து அதைப் படம் பிடித்தன. அத்தனை படங்களும் சேர்ந்து அந்த வழியைக் காப்பாற்றவில்லை. ஏனென்றால் அதன் துன்பம் படத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்தது. வரும் வழியில் வேட்டை. தங்கும் ஏரிகளில் வறட்சி. நல்ல படம் பார்ப்பவனை மயக்குகிறது. மயங்கியவன் சட்டத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறான்.

வெளியே நடந்தவற்றில் இன்னொன்றையும் அறிவது நல்லது. பூங்கா ஏற்பட்ட 1982-இல் அதற்குள் மாடு மேய்க்கக் கூடாது என்று தடை வந்தது. சுற்றுக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த இடம் அது. எதிர்ப்பு எழுந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, கிராமத்தார் சிலர் உயிரிழந்தார்கள். பிறகு நடந்ததுதான் விசித்திரம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்தாண்டுக் காலம் ஆராய்ந்தது. எருமைகள் மேய்வது நின்றதும் பாஸ்பாலம் என்னும் புல் நீர்ப்பரப்பை மூடிப் படர்ந்து, நீர்ப்பறவைகளுக்கு இடையூறாகிவிட்டது என்று தெரிய வந்தது. பறவைக்குக் கெடுதல் என்று விரட்டப்பட்ட எருமை, பறவைக்கு உதவியே செய்துகொண்டிருந்தது! அன்பு மட்டும் இருந்து அறிவு இல்லையென்றால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

தண்ணீர்ச் சங்கதியும் அப்படியே. பூங்காவுக்கு ஆண்டுக்குச் சுமார் 550 மில்லியன் கன அடி நீர் வேண்டும். கம்பீர் நதியின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை இருக்கிறது. மழை குறைந்த ஆண்டுகளில் அங்குள்ள உழவர்கள், “எங்கள் வயலுக்கே நீரில்லை, வாத்துக்கு எப்படி விடுவது?” என்றார்கள். காவிரிக் கரைப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிறகு கோவர்த்தன் வடிகாலிலிருந்தும், சம்பல் ஆற்றிலிருந்து குழாய் வழியாகவும் நீர் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். நம் படத்தில் வாத்தின் கீழே பளபளக்கும் நீர் எங்கிருந்து வந்தது, யாருடைய பங்கைக் குறைத்து வந்தது என்பது படத்தில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

அன்பு பிறக்கப் படம் வேண்டும் என்பவர்களை, படம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே பறவையைக் காத்த ஊர்களை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். இராஜஸ்தானத்தில் பலோதிக்கு அருகே கீச்சன் என்று ஓர் ஊர். குளிர்காலத்தில் ஆயிரமாயிரமாகச் சிறு கொக்குகள் அங்கே வந்து இறங்குகின்றன. ஊரார் அவற்றைக் குர்ஜா என்று செல்லமாக அழைத்து, வேலி கட்டிய இடத்தில் தானியம் இறைக்கிறார்கள். எல்லா ஊரிலும் தானியம் இறைப்பதுதான் சரியான வழி என்று நான் சொல்லவில்லை. மனிதனைக் கண்டு பறவை எழுந்து ஓடாத ஊர் ஒன்று இருக்க முடியும் என்பதைச் சொல்கிறேன்.

நம் நாட்டுப் பக்கம் வேடந்தாங்கலுக்கு வருவோம். அங்கே பறவையைச் சுட வந்த வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி ஊரார் முறையிட்டு, 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டரிடமிருந்து பாதுகாப்புப் பத்திரம் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பரத்பூர் வேட்டைக் கல்வெட்டுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டு உழவன் பறவைக்குப் பட்டா வாங்கிவிட்டான்! திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்தார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுகின்றன. அந்தக் குளத்துக்கும் குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்து வருகிறது. இமயம் தாண்டி வந்து பரத்பூரில் இறங்கும் அதே இனம், நாம் ஊருக்குப் போக இரயிலில் இரண்டு இரவு பகல் கழிக்கும் தூரத்தை இறக்கையாலேயே கடந்து, நம் வயலோரத்திலும் வந்து அமர்கிறது. அங்கே வெடியையே நிறுத்திவைத்த மக்களின் பிள்ளைகள், இங்கே வந்து கைதட்டி அதை எழுப்பலாமா?

இவ்வளவும் சொன்னதால் காமிராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். என்னிடமும் ஒரு பழைய காமிரா இருக்கிறது. குளிர்காலம் வந்தால் கை பரபரக்கத்தான் செய்கிறது. சொல்ல வருவது இவ்வளவே: பறவை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் படமே நல்ல படம். நம்மைக் கண்டு அது செய்த காரியத்தின் படம், உண்மையில் நம்முடைய படமே.

இத்துறையில் நமக்கு வழிகாட்டி வெளியூரில் தேட வேண்டியதில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணனை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். 1950 முதல் இறக்கும் வரை ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் காட்டுயிர் பற்றித் தொடர்ந்து கட்டுரை எழுதினார், தமிழிலும் எழுதினார், படம் வரைந்தார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவில், கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். இன்று நம் விடுதியில் சாதாரண மாணவன் கையில் இருக்கும் கைப்பேசிக்குள்ள வசதிகூட அவர் காமிராவில் இல்லை. அவரிடம் இருந்தது விலங்கைப் பற்றிய அறிவும், காத்திருக்கும் பொறுமையும். படம் அவற்றின் பின்னால் வந்தது.

பொறுமைக்குப் பரத்பூரில் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அங்கே சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்கள் பறவைகளைப் பற்றிப் பயிற்சி பெற்றவர்கள்; பறவைப் பெயர்களைச் சரளமாகச் சொல்வார்கள். ரிக்ஷா மெல்லப் போனால் பறவை அதைப் பொருட்படுத்துவதில்லை. இறங்கி நடந்து நெருங்கும்போதுதான் மிரளும். பயணிகள் சிலர் அதிகக் காசு தருவதாகச் சொல்லி, “கொஞ்சம் கிளப்பிவிடுங்கள்” என்று அவர்களைக் கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அன்றைய கூலியை நம்பி வாழ்பவரை அப்படிக் கேட்பது அவரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்துவதாகும். நாம் அவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதென்றால், ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பதற்காகக் கொடுப்போம். சூரியன் நம் முதுகுப்புறம் இருக்கட்டும். பேச்சைக் குறைப்போம். மேயும் வாத்து தலையை நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கினால், அதற்கு மேல் நெருங்கலாகாது என்று பொருள். அரை மணி நேரம் அசையாமல் இருந்து பாருங்கள். வாத்து தானே பறக்கும். அதன் நேரத்தில், அதன் தேவைக்காக. விடியலில் உறங்குமிடத்திலிருந்து மேய்ச்சலுக்குப் போகும்போது கூட்டம் கூட்டமாகப் போகும். கைதட்டல் தேவையே இல்லை.

எடுத்த படத்தோடு நாளும் இடமும் எண்ணிக்கையும் குறித்து வைப்பதும் அவசியம். விஞ்ஞானம் படிக்கும் நாம் சோதனைச் சாலையில் நாள் குறிக்காமல் ஓர் அளவை எழுதினால் ஆசிரியர் ஏற்பாரா? மங்கோலியாவில் கழுத்தில் எண்பட்டை மாட்டிய பட்டைத்தலை வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் சாதாரண மக்கள் படம் எடுத்து, அந்த எண்ணைத் தெரிவித்திருக்கிறார்கள். அதனால் ஒரு பறவை எங்கிருந்து எங்கே வந்தது என்பது தெரிந்தது. அந்தப் படங்கள் அழகாக இருந்தனவா என்று யாரும் கேட்கவில்லை. வானம் நிறைய இறக்கையடிக்கும் நூறு படங்களைவிட, எண் தெளிவாகத் தெரியும் அந்த ஒரு மங்கலான படம் அறிவுக்குச் செய்த உதவி பெரிது.

கடைசியாக, நம் சங்கச் செயற்குழுவுக்கு மூன்று யோசனைகள்.

முதலாவது, அடுத்த ஆண்டுப் போட்டி விதிகளில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பறவையை விரட்டியோ, கூட்டை நெருங்கியோ, பறவையின் குரலை ஒலிபரப்பி அழைத்தோ எடுத்த படம் ஏற்கப்படாது என்று அறிவிக்க வேண்டும். “இதை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்பார்கள். எப்போதும் கண்டுபிடிக்க முடியாதுதான். தேர்வு அறையில் எல்லாக் காப்பியையும் கண்டுபிடித்துவிடுகிறோமா? அதற்காக விதியே வேண்டாம் என்று விட்டுவிடுவதில்லையே. விதி இருந்தால் நாணயமுள்ளவன் அதை நினைவில் வைத்துக்கொள்வான். நம்முள் பெரும்பாலோர் நாணயமுள்ளவர்கள்.

இரண்டாவது, படத்தோடு ஒரு பக்கக் குறிப்பும் கேட்க வேண்டும். என்ன பறவை, எந்த நாள், எத்தனை இருந்தன, என்ன செய்துகொண்டிருந்தன என்பதை நல்ல தமிழில் எழுதித் தர வேண்டும். குறிப்புக்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்லிவிட்டால், எழுதுவதற்காகவேனும் நண்பர்கள் காமிராவைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பார்ப்பார்கள்.

மூன்றாவது, ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 1987 முதல் நடந்துவருவது. தொண்டர்களே ஏரி ஏரியாகப் போய் எண்ணுகிறார்கள். பரத்பூர் வரை போகக் காசில்லாத மாணவனுக்கும் யமுனைக் கரையில் ஓக்லா இருக்கிறது. அரியானாவில் சுல்தான்பூர் இருக்கிறது. பொங்கல் விழா முடிந்த பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கி, நம் சங்கத்தின் பெயரால் இருபது பேர் போய்ப் பதிவு செய்துகொண்டு எண்ணலாம். இருநூறாக இருந்த சைபீரியக் கொக்கு இரண்டாகக் குறைந்ததை நாம் அறிந்ததே, ஒவ்வோர் ஆண்டும் யாரோ சிலர் குளிரில் நின்று எண்ணியதால்தான். அன்றைய வேட்டைக்காரர்கள் செத்த பறவைகளை எண்ணிக் கல்லில் வெட்டினார்கள். நாம் உயிரோடிருப்பவற்றை எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும்.

செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் இவற்றை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஓக்லாவுக்கு வர விரும்பும் நண்பர்கள் சங்க அறிவிப்புப் பலகையில் பெயர் கொடுக்கலாம். இரண்டு பைனாகுலர்களுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.